முகம் தெளியும் ஒளி: சிங்கப்பூரில் காணொளிப் பதிவு



கேமராவும் விளக்கும் பற்றிப் பேச ஒரு மொழி மேடையில் என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். பின்னர், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியில் நடந்த பயிலரங்கு நினைவுக்கு வந்தது. அதையே இவ்வுரையின் தொடக்கமாகக் கொள்கிறேன்.

அப்பயிலரங்கில் மாணவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து மூன்று நிமிட நேர்காணல் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு தமிழ் மாணவியும் அவளுடைய சீனத் தோழியும் வெள்ளைச் சுவரை ஒட்டி அமர்ந்து பேசினார்கள். பேச்சு நன்றாக இருந்தது; கேள்விகள் கூர்மையாக இருந்தன. ஆனால் பெரிய திரையில் ஓடவிட்டபோது தோழியின் முகம் தெளிவாக இருந்தது. தமிழ் மாணவியின் முகத்தில் கண்ணின் வெண்மையும் பல்லின் வெண்மையும் மட்டுமே தெரிந்தன. வகுப்பில் சிலர் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டு, "பரவாயில்லை சார், என் முகம் கேமராவுக்கு ஒத்து வராது. அடுத்த முறை நான் கேமராவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்" என்றாள்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கருவியின் குறையைத் தன் முகத்தின் குறையாக ஏற்றுக்கொண்டாள். அன்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியிருந்ததை முழுமையாகச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. அதையே இன்று உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், கேமரா நடுநிலையான கருவி என்னும் நம்பிக்கையைச் சற்று ஆராய்வோம். வண்ணப் படச்சுருள் பரவிய காலத்தில், அச்சிடும் கூடங்களில் வண்ணம் சரியாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அட்டை வழங்கப்பட்டது. 'ஷெர்லி அட்டை' என்பது அதன் வழக்குப் பெயர். வெண்ணிற மேனியுடைய ஒரு பெண்ணின் படம் அதில் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் வண்ணமும் சரி என்பது வழக்கம். கரிய மேனி அக்கணக்கில் இடம்பெறவே இல்லை. 1970களில் மரச்சாமான் விற்போரும் சாக்லேட் விளம்பரம் செய்வோரும் தங்கள் பொருள்களின் கரும்பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே படச்சுருள் தயாரிப்பாளர்கள் இருண்ட நிறங்களில் கவனம் செலுத்தினார்கள் என்று அத்துறையில் பணியாற்றியோர் கூறியுள்ளனர். பல இனத்தவரின் முகங்கள் ஒருசேர இடம்பெற்ற ஒப்பீட்டு அட்டைகள் 1990களில்தான் வந்தன.

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1974இல் வந்தது. அப்படியானால், இங்கே வண்ணத்தில் தோன்றிய முதல் தலைமுறைத் தமிழ் முகங்கள், வேறொரு முகத்தை அளவுகோலாகக் கொண்டு வளர்ந்த ஒரு தொழில்நுட்பத்தின் வழியாகவே நம் வரவேற்பறைக்கு வந்தன. இன்றைய மின்னணுக் கேமராக்கள் மிகவும் முன்னேறியவை. இருண்ட பகுதியின் நுணுக்கங்களையும் அவற்றால் பதிய முடியும். ஆனால் முடியும் என்பதனால் தாமாகவே பதிந்துவிடா. அதைச் செய்யவைப்பவர் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர்.

இனி அந்த வெள்ளைச் சுவர் செய்த வேலையைப் பார்ப்போம். தானியங்கி அமைப்பில் இருக்கும் கேமராவுக்கு, தன் முன்னால் இருப்பது முகமா சுவரா என்பது அடிப்படையில் தெரியாது. காட்சி முழுவதையும் சராசரியாக்கி, அது நடுத்தரச் சாம்பல் நிறமாக வரும்படி ஒளியைக் கூட்டும் அல்லது குறைக்கும். அந்த நடுத்தரச் சாம்பல், தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் நிறம். வெள்ளைச் சுவர் காட்சியின் பெரும்பகுதியை நிரப்பும்போது, கேமரா ஒளி மிகுதி என்று எண்ணித் துளையைச் சுருக்கிக்கொள்கிறது. சுவர் சாம்பலாகிறது, முகம் இருளாகிறது. இன்றைய கருவிகள் பலவற்றில் முகத்தைக் கண்டறியும் வசதி உண்டு. எனினும் இரண்டு முகங்கள் இருந்தால், அவற்றில் எதற்காக ஒளியை அமைப்பது என்பதை அக்கருவி உங்களிடம் கேட்பதில்லை.

ஆகவே முதல் பாடம் எளியது. தானியங்கி அமைப்பை விட்டு வெளியே வாருங்கள். கைப்பேசியில் பதிவு செய்தாலும், எந்த முகம் முக்கியமோ அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிடுங்கள். தொழில்முறைக் கேமராவில் 'சீப்ரா' எனப்படும் வரிக்கோடுகள் உண்டு. குறிப்பிட்ட ஒளியளவை எட்டிய இடங்களில் அவை வரிக்குதிரையின் கோடுகளைப் போலத் தோன்றும். பல கையேடுகள் முகத்துக்கு 70 என்று எழுதியிருக்கும். அது வெளிர் நிற முகத்துக்கு உரிய எண். சாதாரண வண்ண அமைப்பில், மாநிற முகத்துக்கு 55 அளவும், கரிய முகத்துக்கு 45 முதல் 50 வரையும் பொருந்தும். கரிய முகத்தை 70க்கு ஏற்றினால் அது தெளிவடையாது. சாயம் வெளுத்த துணியைப் போலாகும். இந்த வேறுபாட்டை மாணவர்கள் நன்கு உணர வேண்டும். முகத்தைத் தெளிவாக்குவது வேறு, வெளுப்பாக்குவது வேறு.

மற்றொரு கருவியும் இங்கே நமக்கு உண்மை சொல்கிறது. வண்ணத்தை அளக்கும் வெக்டர்ஸ்கோப் வட்டத்தில் மனித மேனிக்கென ஒரு கோடு உண்டு. சீனர், மலாய்க்காரர், தமிழர், ஐரோப்பியர் என யார் முகத்தைக் காட்டினாலும், வெள்ளொளியில் அதன் சாயல் ஏறத்தாழ அந்த ஒரே கோட்டை ஒட்டியே விழும். எல்லா மேனியின் நிறத்தையும் ஆக்குபவை மெலனினும் குருதியுமே அல்லவா? நம் முகங்கள் பெரிதும் வேறுபடுவது ஒளியின் அளவில், சாயலில் அன்று.

இரண்டாம் பாடம், ஒளியின் அளவைவிட அதன் பரப்பும் திசையும் முக்கியம் என்பது. முகம் இருளாக இருக்கிறது என்றவுடன் பெரும்பாலோர் செய்வது, கூர்மையான ஒரு விளக்கை நேர் எதிரே நிறுத்துவது. அப்போது நெற்றியிலும் மூக்கிலும் வெள்ளைப் புள்ளிகள் தோன்றும்; மற்ற இடங்கள் இருளாகவே இருக்கும். காரணம் இதுதான். வெளிர் நிற மேனி தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியை எல்லாப் பக்கமும் சிதறச் செய்கிறது. கரிய மேனி அவ்வாறு சிதறச் செய்வது குறைவு. அதன் வடிவத்தை நமக்குக் காட்டுவது மேற்பரப்பின் பளபளப்பே. பளபளப்பு என்பது கண்ணாடியைப் போன்றது. எதிரே இருக்கும் ஒளிமூலத்தின் உருவத்தையே அது காட்டும். எதிரே சிறிய விளக்கு இருந்தால் சிறிய வெள்ளைப் புள்ளி. எதிரே அகன்ற வெள்ளைத் துணி இருந்தால், கன்னத்தின் வளைவு முழுவதும் மென்மையாக ஓடும் ஒளி. ஆகவே, கரிய முகத்துக்கு வேண்டியது பெரிய, மென்மையான, பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி. 'இன்செக்யூர்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் ஒளிப்பதிவாளர் ஆவா பெர்காஃப்ஸ்கி, கறுப்பின நடிகர்களுக்கு இந்த முறையையே கையாண்டதாக விளக்கியிருக்கிறார்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கோடம்பாக்கத்தில் நெடுங்காலமாகத் தெர்மாகோல் பலகையே இவ்வேலையைச் செய்துவருகிறது. விளக்கை முகத்தின் பக்கம் திருப்பாமல் பலகையின் பக்கம் திருப்பினால், பலகையே அகன்ற விளக்காகிவிடும். இந்தியத் திரையுலகில் இதை ஒரு கலையாக உயர்த்தியவர் சுப்ரதா மித்ரா. சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' (1956) படத்துக்காகக் காசி நகரத்து வீட்டு முற்றம் ஒன்றை அரங்கமாக அமைத்தபோது, முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை வானம் போல் விரித்து, விளக்குகளைக் கீழிருந்து அத்துணியின் மேல் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, திறந்த முற்றத்தில் இறங்கும் பகலொளியாகவே தோன்றியது.

அத்தகைய முற்றம் நமக்கும் இருக்கிறது. லிட்டில் இந்தியாவின் கடைவீடுகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடிப் பாதையைத்தான் சொல்கிறேன். மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த தெரு. உச்சிவெயில் உள்ளே நேராக விழாது. தெருவிலும் எதிர்வரிசைச் சுவர்களிலும் பட்ட வெளிச்சம் பக்கவாட்டில் மென்மையாக நுழையும். ஒரு பூக்கடைக்காரரை அப்பாதையின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே நிறுத்தி, முகத்தைத் தெருப்பக்கம் சற்றே திருப்பச் சொல்லுங்கள். ஒரு விளக்கும் இன்றி, எந்தப் படப்பிடிப்புக் கூடத்திலும் கிடைக்கக்கூடிய முகம் கிடைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: எதிர்ச்சுவரின் வண்ணத்தைக் கவனியுங்கள். கெர்பாவ் சாலையில் உள்ள டான் டெங் நியா இல்லம் போன்ற பல வண்ணக் கட்டடத்தின் அருகில் நின்றால், அச்சுவரின் பச்சையும் சிவப்பும் முகத்திலும் ஏறும்.

அடுத்து, நம் தீவின் வெயில். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் பாகை வடக்கே இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் முதல் நாளிலிருந்து நம் கடிகாரம் கிழக்கே உள்ள ஒரு நெடுங்கோட்டின் நேரத்தைப் பின்பற்றுகிறது. அதனால் கதிரவன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று. பிற்பகல் ஒரு மணியை ஒட்டியே. அந்த நேரத்தில் வெளியே நிறுத்தப்படும் ஒருவரின் புருவ எலும்பு கண்குழியில் நிழலைப் போடும். ஆழ்ந்த கண்ணும் கரிய மேனியும் உடையவருக்குக் கண்ணே காணாமற்போகும். பள்ளிக் காணொளிகள் பல மதிய இடைவேளையில், திடலின் நடுவில் பதிவாகின்றன. இதைவிடப் பொருந்தாத நேரமும் இடமும் இல்லை. வேறு வழியில்லையெனில் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்துக்கு வாருங்கள். அதுவும் ஒரு பெரிய ஐந்தடிப் பாதைதான்.

மாலைப் பொன்னொளி பற்றிப் பாடநூல்கள் ஒரு மணி நேரக் கணக்குச் சொல்லும். அது குளிர்நாடுகளின் கணக்கு. இங்கே கதிரவன் ஏறத்தாழச் செங்குத்தாக, மணிக்கு 15 பாகை வீதம் இறங்குகிறது. அடிவானத்துக்கு மேலே கடைசி 6 பாகையை அது கடக்க ஏறக்குறைய 25 நிமிடமே ஆகும். மாலை ஏழு மணியை ஒட்டி மறைவு. அதன்பின் அந்தியொளியும் 20 நிமிடத்துக்குச் சற்று மேல்தான். லண்டனில் இதே இறக்கம் ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், கோடையில் அதற்கு மேலும் நீடிக்கும். எனவே சிராங்கூன் சாலையில் மாலைக் காட்சி எடுப்பவர் ஆறு மணிக்குள் எல்லாவற்றையும் ஒத்திகை பார்த்து முடித்திருக்க வேண்டும். ஒளி நமக்காகக் காத்திருக்காது.

இரவானால் வேறொரு சிக்கல். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி கொண்டது. கேமராவின் ஷட்டரை 1/60 நொடிக்கு வைத்தால் சில விளக்குகள் திரையில் துடிக்கும். நொடிக்கு 25 சட்டங்கள், ஷட்டர் 1/50 என வைத்தால் பெரும்பாலும் அத்துடிப்பு அடங்கும். அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும். பகலில் அதே ஷட்டரைக் காக்க வேண்டுமானால் லென்ஸின் முன்னால் கறுப்புக் கண்ணாடி போன்ற என்டி வடிகட்டியை மாட்ட வேண்டும். தீபாவளிக் காலத்தில் சாலைக்கு மேலே எரியும் வண்ண அலங்கார விளக்குகள் முகத்துக்கான விளக்குகள் அல்ல. அவற்றைப் பின்னணியாக வைத்துக்கொண்டு, முகத்துக்கு ஒரு நகைக்கடைக் கண்ணாடியின் வெளிச்சத்தையோ, காகிதம் போர்த்திய சிறிய எல்இடி விளக்கையோ பயன்படுத்துங்கள். வெண்மைச் சமநிலையையும் அம்முகத்துக்கே அமையுங்கள். தானியங்கிக்கு விட்டால், அலங்கார விளக்கு நிறம் மாறும்போதெல்லாம் முகமும் நிறம் மாறக்கூடும்.

கருவியைக் காப்பது பற்றியும் ஒரு சொல். குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து கேமராவைத் திடீரெனத் தெருவுக்கு எடுத்துச் சென்றால் லென்ஸில் நீர்படியும். பையை மூடியபடியே வெளியே வைத்து, கருவி வெளிவெப்பத்துக்குப் பழகிய பின்னர்த் திறக்க வேண்டும். ஈரம் நிறைந்த நம் ஊரில், மூடிய அலமாரியில் வெறுமனே கிடக்கும் லென்ஸில் பூஞ்சை படரும். பள்ளிகள் ஈரம் நீக்கும் பெட்டி ஒன்றை வாங்கி வைத்தால், அது பல லென்ஸ்களின் விலையை மிச்சப்படுத்தும்.

இப்போது, நான் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறேன். வெவ்வேறு நிறமுடைய இரு முகங்கள் ஒரே சட்டத்தில் இருந்தால் என்ன செய்வது? பல இனத்தவர் வாழும் சிங்கப்பூரில் இது அன்றாடக் கேள்வி. விடை இயற்பியலில் இருக்கிறது. ஒளிமூலத்திலிருந்து விலகும் தொலைவு இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். சிறிய விளக்கு ஒன்றிலிருந்து ஒருவர் 1 மீட்டரிலும் மற்றவர் 1.4 மீட்டரிலும் அமர்ந்தால், முன்னவருக்குப் பின்னவரைப்போல் ஏறத்தாழ இருமடங்கு ஒளி கிடைக்கும். ஆகவே கரிய முகமுடையவரை ஒளிக்கு அருகிலும், வெளிர் முகமுடையவரைச் சற்று அப்பாலும் அமர்த்துங்கள். சாளரத்தருகே அமர்ந்தாலும் கணக்கு சற்றே மாறுமே தவிர, முறை அதுவே. வெள்ளைச் சுவரை விட்டு இருவரையும் முன்னே கொண்டுவாருங்கள். சுவரின்மேல் விழும் ஒளி குறையும். வெள்ளைச் சட்டையைவிட நடுத்தர நிற ஆடை நல்லது. கரிய முகத்தின் பின்புறத்தில், பக்கவாட்டிலிருந்து ஒரு மெல்லிய ஒளிக்கோடு விழச்செய்தால், கூந்தலும் தோளும் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும். இவற்றில் எதுவும் ஒருவருக்குச் சலுகை காட்டுவதன்று. ஒவ்வொரு முகத்துக்கும் உரியதை அளப்பதே ஒளியமைப்பு.

பழியை முழுவதும் வெளிநாட்டுப் படச்சுருள்மேல் போட்டுவிட்டு நாம் ஒதுங்கவும் முடியாது. முகத்துக்கு வெளிர்ப்பூச்சு அடித்து, அதற்குமேல் கடும் ஒளியைப் பாய்ச்சுவது நம் சொந்தத் திரையுலகின் நெடுநாள் பழக்கம். அதற்கு மாற்றாக நின்றவர்களையும் நாம் நினைக்க வேண்டும். இலங்கையில் மட்டக்களப்புப் பகுதியில் பிறந்த பாலு மகேந்திரா இயற்கை ஒளியை நம்பிப் படமெடுத்தார். 'வீடு' படத்தில் அர்ச்சனாவின் முகம் அதன் நிறத்திலேயே அழகாக நின்றது. அவ்வேடம் அவருக்குத் தேசிய விருதையும் பெற்றுத் தந்தது. 'நாயகன்' (1987) படத்தில் பி.சி. ஸ்ரீராம் முகத்தின் ஒரு பாதியை நிழலுக்குக் கொடுக்கத் தயங்கவில்லை. நம் ஊரிலேயே, எரிக் கூ இயக்கிய, பெரும்பாலும் தமிழில் பேசிய 'மை மேஜிக்' 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குச் சென்றது. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பேர்ட்' 2016இல் அதே விழாவின் விமர்சகர் வாரத்தில் திரையிடப்பட்டது. இரண்டிலும் மையமாக நின்றவை சிங்கப்பூர்த் தமிழ் முகங்கள். இன்று நம் கைப்பேசியில் இருக்கும் 'அழகூட்டும்' வடிகட்டி, பழைய வெளிர்ப்பூச்சின் பேரப்பிள்ளை. பதிவு செய்யும் முன் அதை அணைத்துவிடுங்கள்.

இனி, இது மொழி மேடைக்குரிய பேச்சாவது எவ்வாறு என்பதைச் சொல்லி முடிக்கிறேன். இந்தக் கலைக்குத் தமிழ் சூட்டிய பெயர் 'ஒளிப்பதிவு'. கருவியின் பெயர் அதில் இல்லை. பதியப்படும் ஒளியே பெயராக நிற்கிறது. 'மாநிறம்' என்று அன்றாடம் சொல்கிறோம். சங்க இலக்கியத்தில் 'மாமை' என்று ஒரு சொல் உண்டு. மாந்தளிரின் நிறத்தை நினைவூட்டும், பெண்ணின் மேனியழகைக் குறித்த சொல் அது. பசலை படர்ந்து அந்த மாமை மறைவதே அங்கே துயரம். அதாவது, நிறம் வெளிறுவதை இழப்பாக எண்ணியது நம் பழம்பாட்டு. கருமையில் பொலிவு உண்டு என்பதைப் படச்சுருள் ஆலைகள் அறிவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மொழி அறிந்திருந்தது. அப்பொலிவைத் திரையில் காட்டும் கைத்திறனைத்தான் நாம் இன்னும் கற்க வேண்டியிருக்கிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. அடுத்த முறை மாணவர்களிடம் காணொளிப் பணி ஒன்றைக் கொடுக்கும்போது, உரையாடலுக்கு மட்டும் மதிப்பெண் தராதீர்கள். "பேசியவரின் முகம் தெரிந்ததா?" என்ற கேள்வியையும் மதிப்பீட்டில் சேருங்கள். படம் எடுப்பதற்கு முன் 'முதன்மை ஒளி எங்கிருந்து வருகிறது? நிழல் எங்கே விழுகிறது? பின்னணி முகத்தைவிட வெளிச்சமா?' என்று மூன்று வரிகள் தமிழில் எழுதச் சொல்லுங்கள். அதுவே கலைப்பாடமும் ஆகும், மொழிப்பாடமும் ஆகும்.

அந்த மாணவியின் கதையின் மீதியைச் சொல்லி விடைபெறுகிறேன். பயிலரங்கின் கடைசி அரைமணி நேரத்தில், அவளையும் தோழியையும் சாளரத்தருகே அமர்த்தினோம். தமிழ் மாணவி சாளரத்துக்கு அருகே; தோழி ஓரடி அப்பால். அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து, வெள்ளைத்தாள் ஒட்டி, மறுபுறம் பிடித்தோம். ஒளியளவை அவள் முகத்துக்குப் பூட்டினோம். இம்முறை திரையில் அவள் கன்னத்தின் குழி தெரிந்தது. பேசும்போது புருவம் உயர்வது தெரிந்தது. வகுப்பு அமைதியாகப் பார்த்தது. அவள் சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "சார், அந்த அட்டையைக் கொஞ்சம் மேலே பிடித்திருக்கலாம்" என்றாள்.

தன் முகத்தைக் குறை சொன்னவள், இப்போது அட்டை பிடித்த கையைக் குறை சொன்னாள். ஓர் ஆசிரியனுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?